மகள் என்ற சொல்லுக்கு ஒரு தாய்ப்பத்திரம்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியிலிருந்து மகள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஏழு வயதுப் பேத்தி போனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, இங்கிலீஷ்ல டாட்டர். எங்க ஸ்கூல்ல டோஹ்டர். கீழ் வீட்டு ஆன்ட்டி அவங்க பொண்ணை துக்தர்னு சொல்றாங்க. மூணும் ஒரே மாதிரி இருக்கே, யாரைப் பாத்து யாரு காப்பி அடிச்சா?"

கீழ் வீட்டுக் குடும்பம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தது. வீட்டில் பாரசீகம் பேசுகிறார்கள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா கண்ணு" என்று போனை வைத்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. குழந்தை சொன்ன மூன்றோடு நாலாவதாக ஒரு சொல் எனக்குத் தெரியும். துஹிதா. சமஸ்கிருதத்தில் மகள். நாற்பது வருஷமாக அந்தச் சொல் என் மனதில் ஒரு முள்.

முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா 1985-ல் காலமானார். 1956-ம் வருஷத்துச் சட்டப்படி அவருடைய பங்கில் அக்காவுக்கும் உரிமை உண்டு. அடுத்த வருஷம் அக்கா எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பத்திரம் எழுதிய பெரியவர் வடமொழி படித்தவர். அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் தயங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "துஹிதான்னா என்ன அர்த்தம் தெரியுமோ? தூரே ஹிதா. தூரத்துல இருந்தாத்தான் நன்மை. பொண்ணுங்கறது அதுக்குத்தான். வேத காலத்து அர்த்தம் அம்மா இது."

அக்கா ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். பத்திரப் பதிவுத் துறையில்தான் எனக்கு வேலை, வயது முப்பத்திரண்டு, சட்டம் தெரியும். ஆனாலும் அந்த அர்த்தம் எனக்கு சௌகரியமாக இருந்தது. வேதமே சொல்லிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தியின் கேள்விக்குப் பிறகு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். மொழி ஒப்பியல் பற்றிக் கிடைத்ததையெல்லாம் நாலைந்து மாதம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு வேடிக்கை தெரிந்தது. இது எனக்குப் பழக்கமான வேலைதான்!

எங்கள் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் பத்திரங்களைக் கையால்தான் நகல் எடுப்போம். ஒரு சொத்தை நாலு அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்திருப்பார்கள். ஐம்பது வருஷம் கழித்து வழக்கு வரும். தாய்ப்பத்திரத்தைச் செல் அரித்திருக்கும். நாலு வாரிசுகளிடமும் இருக்கும் நகல்களை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தால், மூலத்தில் என்ன இருந்திருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நகலில் பிழை இருக்குமே என்பீர்கள். பிழைதான் உதவியே. எங்களிடம் ஒரு நகல் எழுத்தர் இருந்தார். அவருக்கு 'ற' வரவே வராது. கிணறு என்பதைக் கிணரு என்பார், ஆறு என்பதை ஆரு என்பார். எப்போதும் ஒரே மாதிரிப் பிழை. அப்படிப்பட்டவர் நகலைத் திருத்துவது சுலபம். ஒரு நாள் ஒரு மாதிரி எழுதுகிறவர் நகல்தான் கஷ்டம்.

மொழிகளும் அந்த எழுத்தர் மாதிரித்தானாம். ஒரு ஒலி மாறினால் ஏறக்குறைய எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி மாறும். 1786-ல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமல் போயிருக்கலாம் என்று பேசினார். பிறகு 1816-ல் ஃபிரான்ஸ் பாப், 1822-ல் யாக்கோப் கிரிம் என்று ஒவ்வொருவராக மாற்றங்களின் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தாய்மொழிக்கு எழுத்து கிடையாது, கல்வெட்டு கிடையாது. சுமார் ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன், கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் பேசப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் சொற்களை எழுதும்போது முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். 'நேரடிச் சான்று இல்லை, நகல்களிலிருந்து மீட்டது' என்று நாங்கள் ஓரத்தில் குறிப்பு எழுதுவது போலத்தான்.

சரி, மகள் என்ற சொல்லுக்கு வருகிறேன். நகல்களை வரிசையாக வைப்போம். சமஸ்கிருதம் துஹிதா, கிரேக்கம் துகதேர், ஜெர்மன் டோஹ்டர், லிதுவேனிய மொழியில் துக்தே, பாரசீகம் துக்தர், ஆர்மீனியம் துஸ்தர். ஆங்கில டாட்டரில் நடுவே இரண்டு எழுத்து ஒலிக்காமல் நிற்கிறதே, சின்ன வயதில் ஸ்பெல்லிங் தப்பி அடி வாங்கினோமே, அது ஒரு காலத்தில் ஜெர்மன் டோஹ்டரில் இருக்கும் 'ஹ்' போலத் தொண்டையில் ஒலித்ததுதான். ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. கிணறு தூர்ந்த பிறகும் பத்திரத்தில் கிணறு இருக்குமே, அது போல.

முதல் எழுத்தைப் பார்க்கலாம். தமிழில் த ஒன்றுதான். வடமொழியில் நான்கு. சுலோகப் புத்தகங்களில் எழுத்துக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருப்பார்களே, அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். மகள் என்ற சொல் சமஸ்கிருதத்தில் மூன்றாம் த-வில் ஆரம்பிக்கிறது. கிரேக்கத்தில் இரண்டாம் த. லிதுவேனியத்தில் மூன்றாவது. எது மூலம்?

புகைக்கான சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். தூமகேது என்கிறோமே, அந்தத் தூமம் சமஸ்கிருதத்தில் நான்காம் த. அதே சொல் கிரேக்கத்தில் தூமோஸ், இரண்டாம் த. லிதுவேனியத்தில் தூமாய், மூன்றாம் த. இப்படிப் பல சொற்களில், மூலத்தில் நான்காம் த இருந்தால் கிரேக்கன் இரண்டாவதாகவும் லிதுவேனியன் மூன்றாவதாகவும் எழுதுகிறான். ஆக மகளுக்கும் மூலத்தில் நான்காம் த.

அப்படியானால் சமஸ்கிருதத்தில் ஏன் மூன்றாவதாக இருக்கிறது? இதற்கு 1863-ல் ஹெர்மன் கிராஸ்மன் பதில் சொன்னார். அவர் பள்ளி ஆசிரியர், கணித மேதை. மூச்சை விட்டுச் சொல்லும் எழுத்துகள் அடுத்தடுத்த அசைகளில் இரண்டு வந்தால், சமஸ்கிருதத்தில் முன்னதில் மூச்சு போய்விடும் என்று காட்டினார். துஹிதாவில் 'ஹி' இருக்கிறது பாருங்கள், அது முன்பு மூச்சோடு சொன்ன ஒரு ககரம். அதனால் அதற்கு முன்னால் இருந்த த தன் மூச்சை விட்டுக்கொடுத்துவிட்டது. விட்டுக்கொடுப்பதும் மகளின் பெயரிலேயே எழுதியிருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படியெல்லாம் அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்பதைத்தான் இந்தப் படிப்பு எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நடு எழுத்துதான் சுவாரசியம். கிரேக்கத்தில் அந்த இடத்தில் மூச்சில்லாத மூன்றாம் க, அதன் பின் ஒரு 'அ'. சமஸ்கிருதத்தில் ஒரு 'இ'. லிதுவேனியம், ஜெர்மன், பாரசீகம் மூன்றிலும் அந்த இடத்தில் உயிரெழுத்தே இல்லை. தந்தைக்கான சொல்லிலும் இதே கதை. கிரேக்கம் பதேர், சமஸ்கிருதம் பிதா. ஒன்றில் அ, மற்றொன்றில் இ. அந்த இடத்தில் மூலத்தில் என்ன எழுதியிருந்தது?

1879-ல் ஃபெர்டினான்ட் த சோசூர் என்ற ஸ்விட்சர்லாந்து இளைஞரின் நூல் வந்தது. எழுதும்போது வயது இருபத்தொன்று. தாய்மொழியில் சில ஒலிகள் இருந்தன, எந்தப் பிள்ளை மொழியிலும் அவை அப்படியே தங்கவில்லை, ஆனால் பக்கத்து எழுத்துகளில் தடயம் விட்டுப் போயிருக்கின்றன என்றார். கணக்குப் போட்டே சொன்னார். பலர் நம்பவில்லை. 1913-ல் அவர் காலமானார். 1915-ல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர், துருக்கியில் மண் பலகைகளில் கிடைத்த ஹிட்டைட் மொழியைப் படித்துக் காட்டினார். 1927-ல் குரிலோவிச் என்ற போலந்து அறிஞர் அதில் ஒன்றைக் கவனித்தார். சோசூர் சொன்ன இடங்கள் பலவற்றில் ஹிட்டைட் மொழியில் தொண்டையிலிருந்து வரும் ஒரு ஹகரம் நிஜமாகவே எழுதியிருந்தது!

இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. பத்திரத்தில் சர்வே எண் இருக்கும் இடம் பூச்சி அரித்துப் போயிருக்கும். சுற்றிலும் உள்ள நாலு நிலத்துப் பத்திரங்களின் செக்குபந்தியைப் பார்த்து, நடுவில் இருப்பது இந்த எண்தான் என்று எழுதி வைப்போம். பல வருஷம் கழித்து யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து பழைய நகல் வரும். அதில் அதே எண் இருக்கும். அந்தச் சந்தோஷம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சோசூருக்கு அது கிடைக்கவில்லை.

அந்தத் தொலைந்த ஒலியை மகளுக்குள் வைத்தால் எல்லாம் சரியாகிறது. சமஸ்கிருதத்தில் அது பக்கத்துக் ககரத்துக்கு மூச்சைக் கொடுத்தது, தான் 'இ' ஆனது. கிரேக்கத்தில் ககரத்தைத் தொடாமல் 'அ' ஆனது. மற்றவர்களிடம் சத்தமில்லாமல் மறைந்தது. கடைசியில் வரும் தேர், பதேர், மாதேர் முதலிய உறவுப் பெயர்களில் வரும் அதே ஈறு. ஆக மீட்டெடுத்த சொல், நம் எழுத்தில் தோராயமாக, 'துக்ஹ்தேர்'. முதலில் நான்காம் த, நடுவில் மூன்றாம் க, அதன் பின் அந்தத் தொண்டை ஒலி.

இந்தச் சொல் போகாத இடமில்லை. சீனத்தின் மேற்கே பாலைவனத்தில் கிடைத்த தோகாரிய மொழிச் சுவடிகளில் 'த்காசேர்' என்று இருக்கிறது. அந்த மொழியை 1908-ல் தான் இந்தக் குடும்பம் என்று அடையாளம் கண்டார்கள். துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில் லிசிய மொழியில் 'க்பத்ரா'. பார்த்தால் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் அதே சொல்தான். பிரான்ஸில் லார்சாக் என்ற இடத்தில் 1983-ல் ஒரு பெண்ணின் கல்லறையில் ஈயத் தகடு கிடைத்தது. அழிந்துபோன கால் மொழியில், இன்னாள் இன்னாளின் தாய், இன்னாள் இன்னாளின் மகள் என்று பெண்களின் பட்டியல். மகளுக்கு அதில் 'துஹ்திர்'. லத்தீன் மட்டும் பழைய சொல்லைத் தொலைத்துவிட்டு 'ஃபீலியா' என்று வேறு சொல் வைத்துக்கொண்டது. அதன் பக்கத்து மொழியான ஆஸ்கன் விடவில்லை, அங்கே 'ஃபுதீர்'.

நம் பக்கத்திலும் பாருங்கள். பாலியில் தீதா, பஞ்சாபியில் தீ, கொங்கணியில் தூவ், சிங்களத்தில் துவ. இலங்கையில் இருந்தவர்கள் தினமும் கேட்டிருப்பார்கள். ஒடியாவில் ஜியா, வங்காளத்தில் ஜி. அந்த வங்காள ஜி, மகள் என்ற பொருளிலிருந்து இறங்கி, வீட்டு வேலைக்காரி என்று ஆகிவிட்டது. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் தமிழில் மகள் என்பது இந்தக் குடும்பமே அல்ல. மலையாளத்தில் மகள், கன்னடத்தில் மகளு என்று அதற்கு வேறு தாய், வேறு பாகப்பிரிவினை. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் துரை எழுதியது அச்சானதும் அதே 1816-ல் தான். ஆனால் துஹிதா நம்மிடமும் கடனாக வந்திருக்கிறாள். மகள் வயிற்றுப் பேரனைத் தௌகித்திரன் என்பது அவளால் வந்தது. பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்று ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். மகன், மகன் வயிற்றுப் பேரன். அந்த வரியில் மகளுக்கு இடமில்லை.

இனி அந்த 'தூரே ஹிதா'. பெரியவர் சொந்தமாகக் கட்டிவிட்டதில்லை. யாஸ்கர் என்ற பழைய ஆசிரியர் நிருக்தம் என்ற நூலில் துஹிதாவுக்கு மூன்று விளக்கம் தருகிறார். நல்ல இடம் அமைவது கடினமானவள், தூரத்தில் இருந்தால் நன்மை தருபவள், அல்லது கறத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தவள். மூன்றாவதை ஐரோப்பியர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆதிகாலத்தில் மகள்தான் பால் கறந்தாள், அதனால் அந்தப் பெயர் என்று மாக்ஸ் முல்லர் காலத்தில் பிரபலமாக இருந்தது.

நகல்களை வைத்துப் பார்த்தால் இவை நிற்பதில்லை. கறத்தலுக்கான வேரில் மூலத்தில் நான்காம் க. கிரேக்கத்தில் மகளுக்கு மூன்றாம் க அல்லவா இருக்கிறது? சேரவில்லை. தூரே ஹிதா இன்னும் மோசம். 'ஹித' என்பது 'தித' என்ற பழைய வடிவம் சமஸ்கிருதத்துக்குள் தேய்ந்து வந்தது. கிரேக்கனும் லிதுவேனியனும் மகளை மகள் என்று கூப்பிட்டது அதற்கெல்லாம் வெகு காலம் முன்பிருந்தே. பேரன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கொண்டுவந்து, இது பாட்டன் எழுதியது என்றால் எந்தப் பதிவாளர் ஏற்பார்?

யாஸ்கரைக் குறை சொல்ல நான் யார்? அவர் கையில் ஒரே ஒரு நகல்தான் இருந்தது. ஒரே நகலை வைத்துக்கொண்டு மூலத்தைச் சொல்லச் சொன்னால் யாரும் கதைதான் சொல்வார்கள். அந்தக் கதையில் அவரவர் காலத்து வீடு தெரியும். கடைசியில் அறிஞர்கள் கண்டது இதுதான். எவ்வளவு பின்னால் போனாலும், அந்தச் சொல்லுக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று. மகள். தூரமும் இல்லை, பாலும் இல்லை, பாரமும் இல்லை. ரிக்வேதத்தில் வானத்தின் துஹிதா என்று சொல்லப்படுபவள் உஷஸ், விடியல். அவள் தூரத்தில் நிற்பவள் அல்ல, தினமும் வீட்டு வாசலுக்கு வருகிறவள்.

பேத்திக்குப் பதில் சொன்னேன். "யாரும் காப்பி அடிக்கலடா. எல்லாரும் ஒரே பாட்டி வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போனது." அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அக்காவுக்கும் போன் செய்தேன். எழுபத்தைந்து வயது. காது சற்று மந்தம். பெரியவர் சொன்ன அர்த்தம் தப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அவர் என்ன சொன்னார்னே எனக்கு ஞாபகம் இல்லடா. நீ பேனா மூடியைத் தொறந்து என் கையில குடுத்த. அது ஞாபகம் இருக்கு."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவளே "சாப்டியா?" என்று கேட்டு விஷயத்தை மாற்றினாள்.

வைகாசியில் அப்பாவின் நிலத்தில் என் பெயரில் மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கரில் பாதியை அக்கா பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதினேன். மகனிடமும் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். "இப்ப எதுக்குடா இதெல்லாம்" என்றாள் அக்கா. ஆனாலும் வந்தாள். இதைத் தானம் என்று யாரும் நினைக்க வேண்டாம், நாற்பது வருஷம் தாமதமான பாக்கி. வட்டி கூடச் சேர்க்கவில்லை.

வரைவை நானே எழுதினேன். 1986-ம் வருஷத்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அப்பாவின் சொத்தை விட்டுக்கொடுக்கும் அந்தப் பத்திரத்தில் அக்காவை 'இன்னார் மனைவி' என்று மட்டுமே எழுதியிருந்தது. இந்தத் தடவை அப்பாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகள்' என்று எழுதினேன்.

பதிவு முடிந்து வெளியே வந்ததும் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை ஒரு தடவை படித்தாள். பிறகு பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா" என்றாள்.